ஊர் சிரித்தது, அவர் ஓடினார்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள் நம் பாட்டிமார். அந்தப் பழமொழியின் முழுப் பொருளும் எனக்கு விளங்கிய இடம், ஊரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நம் விடுதி மைதானம்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், பனி மூடிய விடியற்காலையில், கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியுமாக நான் ஓடத் தொடங்கினேன். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்ததன் பயனாக, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்திருந்தேன். முதல் நாள் இரண்டாம் சுற்றிலேயே நின்றுவிட்டேன். மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஓடுவது கோழி துரத்துவதைப் போல் இருக்கிறதென்றார் ஒருவர். இட்லி தின்ற உடம்புக்கு இதெல்லாம் எதற்கு என்றார் இன்னொருவர். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இரண்டு நாளில் போய்விட்டது. வெட்கம் மட்டும் மூன்று வாரம் போகவில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் படித்ததுதான் எமில் ஸாட்டோபெக்கின் வாழ்க்கை. நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட அந்த மனிதர் என்னை மறுபடியும் மைதானத்துக்கு அனுப்பி வைத்தார். அவரை இச்சங்கத்து நண்பர்களுக்கும் அறிமுகம் செய்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், அன்றைய செக்கோஸ்லோவேகியாவின் மொராவியப் பகுதியிலுள்ள கோப்ர்ஷிவ்நிட்ஸே என்னும் சிற்றூரில் எமில் பிறந்தார். தந்தை தச்சர். குழந்தைகள் பலர், வருவாய் குறைவு. பதினாறாம் வயதில் எமில் ஸ்லீன் நகரத்துக் காலணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அது வேறு எந்தத் தொழிற்சாலையும் அன்று. நம் ஊர்க் கடைத்தெருக்களிலெல்லாம் பெயர்ப்பலகை தொங்குகிறதே, அந்த பாட்டா நிறுவனத்தின் தாய்வீடுதான்.

ஓட்டம் அவரைத் தேடிக்கொண்டு வந்ததே தவிர, அவர் ஓட்டத்தைத் தேடிப் போகவில்லை. பதினெட்டு வயது இருக்கும்போது, தொழிற்சாலையின் விளையாட்டு ஆசிரியர் எமிலையும் வேறு மூன்று பையன்களையும் சுட்டிக்காட்டி, நடக்கவிருந்த ஓட்டப் பந்தயத்தில் ஓட வேண்டும் என்று கட்டளையிட்டார். தம் உடம்பு வலுவில்லாதது, தம்மால் ஆகாது என்று எமில் மன்றாடினார். ஆசிரியர் விடவில்லை, மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவரோ உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். வேறு வழியின்றி ஓடினார். ஓடத் தொடங்கியதும், வெல்ல வேண்டும் என்ற ஆசை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ நூறு பேரில் இரண்டாவதாக வந்தார்.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமிலின் உடம்பைப் பற்றி முதன்முதலில் தவறாகக் கருத்துச் சொன்னவர் எமிலேதான். பிறர் வாயைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்பதற்கு முன், அவர் தம் வாயையே பொருட்படுத்தாமல் இருக்கக் கற்க வேண்டியிருந்தது.

1944-இல் 2,000, 3,000, 5,000 மீட்டர் ஓட்டங்களில் தம் நாட்டுச் சாதனைகளை முறியடித்தார். போர் முடிந்ததும் இராணுவத்தில் சேர்ந்தார். இக்காலத்தில்தான் அவருடைய பயிற்சி முறையைக் கண்டு சுற்றி இருந்தோர் நகைக்கத் தொடங்கினர்.

நெடுந்தூரம் ஓட வேண்டியவன் நெடுந்தூரமே ஓடிப் பழக வேண்டும் என்பது அந்நாளில் பலருடைய எண்ணம். ஸாட்டோபெக்கின் கணக்கு வேறு. மெதுவாக ஓடத் தமக்கு முன்பே தெரியும். கற்க வேண்டியது வேகமாக ஓடுவதுதான் என்று அவர் கருதினார். ஆகவே குறுந்தூரத்தை விரைவாக ஓடுவார். சற்றுத் தூரம் மெல்ல ஓடி மூச்சைச் சேர்த்துக்கொள்வார். மறுபடியும் விரைவாக ஓடுவார். 200 மீட்டர் ஐந்து முறை, 400 மீட்டர் இருபது முறை, மீண்டும் 200 மீட்டர் ஐந்து முறை என்பது அவர் வகுத்துக்கொண்ட ஒரு நாள் பாடம். கூட்டிப் பாருங்கள், இடையில் மெல்ல ஓடியதை விட்டுவிட்டாலும் வேக ஓட்டம் மட்டும் 10 கிலோமீட்டர் ஆகிறது. பின்னாளில் 400 மீட்டரை நாற்பது முறை ஓடினார். குறு ஓட்டக்காரன் செய்வதை நெடு ஓட்டக்காரன் செய்கிறானே, இவனுக்குப் பைத்தியமா என்று கேட்டார்கள். அவர் கனத்த இராணுவப் பூட்ஸோடு பனியில் ஓடினார். காட்டுப் பாதையில் ஓடினார். பகலில் நேரம் கிடைக்காதபோது கையில் விளக்கோடு இரவில் ஓடினார்.

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். ஒரே மூச்சாகக் கடும் வேகத்தில் ஓடினால் சில நிமிடங்களில் தசைகள் சோர்ந்து நிற்க வேண்டி வரும். அதே வேகத்தைத் துண்டு துண்டாக்கி இடையில் சிறிது ஓய்வு கொடுத்தால், நெஞ்சும் நுரையீரலும் தம் உச்ச அளவில் உழைக்கும் நேரத்தின் கூட்டுத் தொகை பெருகும். அந்த உழைப்புக்கு ஏற்ப, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இம்முறைக்கு ஜெர்மனியில் முன்னோடிகள் உண்டு. ஆயினும் இதை இவ்வளவு பெரிய அளவில் செய்து, உலகம் கண்திறந்து பார்க்கும்படி நிலைநாட்டியவர் ஸாட்டோபெக். அன்று பைத்தியம் என்று பெயர் வாங்கிய முறை, இன்று உலகெங்கும் ஓட்டக்காரர்களின் அன்றாடப் பாடமாக இருக்கிறது.

முறையைப் பார்த்துச் சிரித்தவர்கள் போக, முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஓடும்போது அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்து ஆடும். முகம் கோணும். நாக்கு வெளியே தள்ளும். மூச்சிரைப்பு பார்வையாளர் வரை கேட்கும். இப்போதே விழுந்துவிடுவார் என்று புதிதாகப் பார்ப்பவர் அஞ்சுவர். பத்திரிகைக்காரர்கள் அந்தக் கோலத்தை வருணிப்பதில் போட்டி போட்டார்கள். அவரோ, ஓட்டத்தில் அழகுக்கு மதிப்பெண் போடும் காலம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கில் இருந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே அவர் கால்கள் வெகு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன.

1946-இல் பெர்லினில் நேச நாட்டுப் படையினருக்கான போட்டிகள் நடந்தன. அணிவகுப்பில் செக்கோஸ்லோவேகியா என்ற பலகையின் பின்னால் நடந்து வந்தவர் ஒரே ஒருவர். கூட்டம் சிரித்தது. ஓட்டத்தில் அந்த ஒருவர் மற்றவர்களை ஒரு முழுச் சுற்று முந்திச் சென்றார். சிரித்தவர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். இரண்டு முறையும் கூட்டம் ஒன்றுதான், வாயும் ஒன்றுதான். ஊராரின் சிரிப்புக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1948-இல் லண்டன் ஒலிம்பிக். 10,000 மீட்டரில் ஒரு சுற்றுக்கு 71 விநாடி என்று முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார். வேகம் அதற்குக் குறைந்தால், பார்வையாளர் வரிசையிலிருந்து வண்ணத் துணியைத் தூக்கிக் காட்ட ஏற்பாடு. துணியைக் கண்டதும் வேகத்தைக் கூட்டினார். 29 நிமிடம் 59.6 விநாடியில் ஓடி, இரண்டாவதாக வந்த பிரான்சு வீரர் அலேன் மிமூனை ஏறக்குறைய 48 விநாடி பின்னால் விட்டு முதற் பரிசு பெற்றார். 5,000 மீட்டரில் பெல்ஜியத்து ரெய்ஃபிடம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபாட்டில் தோற்று இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டே ஈட்டி எறியும் வீராங்கனை டானாவை மணந்தார். கணவரும் மனைவியும் பிறந்தது ஒரே ஆண்டு, ஒரே நாள்!

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தது. மல்யுத்தத்தில் நம் கஷாபா ஜாதவ் வெண்கலப் பதக்கம் பெற்ற அதே போட்டி. அங்கே செல்லுமுன் ஒரு சோதனை ஏற்பட்டது. ஸ்டானிஸ்லாவ் யுங்விர்ட் என்ற சக வீரரின் தந்தை அரசியல் கைதி. அதனால் மகனை அனுப்ப அரசு மறுத்தது. அவர் வராவிட்டால் தாமும் போவதில்லை என்று ஸாட்டோபெக் நின்றுவிட்டார். கண்டிப்பான ஓர் ஆட்சியில், இராணுவ அதிகாரி ஒருவர் அப்படி நிற்பது விளையாட்டன்று. முடிவில் அரசு இறங்கி வந்தது, இருவருமே சென்றனர்.

ஜூலை 20-இல் 10,000 மீட்டரை 29 நிமிடம் 17 விநாடியில் வென்றார். 24-இல் 5,000 மீட்டர். கடைசிச் சுற்றில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். எல்லாம் முடிந்தது என்று பலரும் எண்ணினர். இறுதி வளைவில் முகம் கோண, தலை ஆட, வெளிப்புறமாகப் பாய்ந்து மூவரையும் கடந்து முதல்வரானார். அன்று பிற்பகலே டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார்.

மூன்றாவதாக மாரத்தான். 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை அவர் பந்தயத்தில் ஒருமுறையும் ஓடியதில்லை. அவ்வாண்டு உலகிலேயே மிக விரைவாக மாரத்தான் ஓடியிருந்தவர் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ். ஸாட்டோபெக் அவரைத் தேடிப் பிடித்து, கூடவே ஓடினார். வழியில், இந்த வேகம் சரிதானா என்று பள்ளிப் பிள்ளையைப் போல் கேட்டார். களைத்திருந்த பீட்டர்ஸ், வேகம் போதாது என்று சொல்லி வைத்தார். ஸாட்டோபெக் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு முன்னே போய்விட்டார்! பீட்டர்ஸ் தசைப்பிடிப்பால் பாதியில் விலகினார். ஸாட்டோபெக் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியில், அடுத்தவருக்கு இரண்டரை நிமிடம் முன்னதாக அரங்கினுள் நுழைந்தார். ஜமைக்கா நாட்டுத் தொடரோட்ட வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தனர். ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்று ஓட்டங்களையும் வென்றவர் இன்றுவரை வேறொருவர் இல்லை.

1954-இல் 10,000 மீட்டரை 29 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனார். 1956-இல் மெல்போர்னில், குடலிறக்க அறுவைக்குப் பின் போதிய ஓய்வின்றி மாரத்தான் ஓடி ஆறாவதாக வந்தார். மூன்று முறை அவருக்குப் பின்னால் வந்து வெள்ளி பெற்றிருந்த மிமூன் அன்று முதல்வர். களைப்பையும் மறந்து அவரை ஸாட்டோபெக் தழுவிக்கொண்டார். பிற்காலத்தில், உலகச் சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிட்டாத ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க்குக்குத் தம் ஹெல்சிங்கிப் பதக்கம் ஒன்றையே கொடுத்து அனுப்பினார்.

இத்தகைய மனிதரையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1968-இல் தம் நாட்டில் எழுந்த சீர்திருத்த இயக்கத்தை அவர் ஆதரித்தார். சோவியத் டாங்குகள் வந்தபின் பதவியும் கட்சியும் பறிபோயின. நில ஆய்வுக் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று உடலுழைப்பு வேலை செய்தார். நெருக்கடி தாங்காமல் 1970-களின் தொடக்கத்தில் தம் நிலையிலிருந்து பின்வாங்கியும் பேசினார். இதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. மைதானத்துச் சிரிப்பைத் தாங்கிய நெஞ்சுக்கும் ஓர் எல்லை இருந்தது. வேடிக்கை பார்ப்பவரின் வாய் வேறு, சோற்றில் கை வைக்கும் அரசின் வாய் வேறு. ஆட்சி மாறியபின் 1990-இல் அவருக்கு மீண்டும் மரியாதை செய்யப்பட்டது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் பிராக் நகரில் மறைந்தார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. ஸாட்டோபெக் யார் சொல்வதையும் கேளாத முரடர் அல்லர். கடிகாரம் சொன்னதைக் கேட்டார். வண்ணத் துணி சொன்னதைக் கேட்டார். மாரத்தான் தெரிந்தவரிடம் வலியச் சென்று கேட்டார். அளந்து பாராமல் மாடியில் நின்று சொல்லப்பட்ட கருத்துகளைத்தான் அவர் காதில் வாங்கவில்லை. ஹெல்சிங்கிக்கு முன் நோயுற்றபோது ஓட வேண்டாம் என்ற மருத்துவர் சொல்லையும் மீறினாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, அதை நான் பின்பற்றப் போவதில்லை. மருத்துவர் அளந்து பார்த்துச் சொல்பவர். பல் துலக்குபவர் அப்படியல்லர்.

வெளியூரில் வந்து படிக்கும் நமக்கு இந்த வேறுபாடு மிகவும் வேண்டும். இங்கே நம் நடை, உடை, இந்தி உச்சரிப்பு எல்லாவற்றுக்கும் யாராவது சிரிக்கத்தான் செய்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி, மைதானத்தையும் மேடையையும் விட்டு அறைக்குள் ஒதுங்கிவிட்ட நண்பர்களை நான் அறிவேன். மூன்று வாரம் நானும் அவர்களில் ஒருவன்.

இப்போது ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். நாளும் ஓடிய சுற்று, ஆன நேரம், ஓடி முடித்ததும் ஒரு நிமிட நாடித் துடிப்பு ஆகியவற்றை அதில் எழுதுகிறேன். இரண்டு சுற்றில் நின்றவன் இன்று எட்டுச் சுற்று ஓடுகிறேன். இன்னும் கோழி துரத்துபவனைப் போலத்தான் இருக்கிறதாம், இருக்கட்டும். குறிப்பேட்டில் அதற்கென்று கட்டம் எதுவும் போடவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்தின் கிழக்கு வாயிலில் நிற்பேன். வர விரும்பும் நண்பர்கள் வரலாம். இருவராக ஓடினால், சிரிப்பையும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.