பெஞ்சமின் கிரஹாமும் அப்பாவின் 300 ஷேர்களும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, சிவில் பையன்தானே, விஸ்வேஸ்வரய்யா பற்றியோ கல்லணை பற்றியோ எழுதுவான் என்று குழுவில் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனால் இந்த வருஷம் முழுக்க என் தலைக்குள் குடியிருந்தவர் வேறொருத்தர். செங்கல்லைத் தொட்டவர் இல்லை, தியோடலைட் பார்த்தவர் இல்லை. அமெரிக்காவில் பங்குச் சந்தைத் தெருவில் வேலை பார்த்து 1976-ல் இறந்துபோனவர். பெயர் பெஞ்சமின் கிரஹாம்.

அவர் எப்படி எங்க வீட்டுக்குள் வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த 2007-ல் எங்கப்பா ஊரில் தன் பங்குக்கு வந்த கொஞ்ச நிலத்தை வித்தார். கைக்கு வந்த பணத்தில் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனியின் ஷேர் 300 வாங்கினார், ஒரு ஷேர் 210 ரூபாய். மொத்தம் 63,000. மண்ணை வித்து, மண்ணு விக்கிற கம்பெனியின் காகிதத்தை வாங்கியிருக்கிறார்! அப்போது எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். 2008-ல் ரியல் எஸ்டேட் பங்குகள் எல்லாம் சரிந்தபோது அதுவும் சரிந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. 210 வராமல் விற்பதில்லை என்று அப்பா பிடிவாதம். டிப்ளமோ முடித்து நான் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேரணும், முதல் வருஷ ஃபீஸுக்கு அந்த ஷேரை விற்கலாமா கூடாதா என்று வீட்டில் பேச்சு வந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது. அந்தக் காகிதத்தின் உண்மையான மதிப்புதான் என்ன? சந்தை சொல்லும் 31 ரூபாயா, அப்பா நினைக்கும் 210-ஆ, இல்லை வேறு ஏதாவதா?

இதே கேள்வியைக் கேட்டே வாழ்நாளைக் கழித்தவர்தான் கிரஹாம்.

1894 மே மாதம் லண்டனில் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் கிராஸ்பாம். ஒரு வயதில் நியூயார்க் போனார்கள். அப்பாவுக்குப் பீங்கான் சாமான் வியாபாரம். நன்றாகத்தான் இருந்தார்கள். பையனுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். வியாபாரம் படுத்தது. அம்மா வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. இருந்த கொஞ்சத்தையும் கடனுக்குப் பங்கு வாங்கும் கணக்கில் போட்டிருந்தார். 1907 பீதியில் அதுவும் போச்சு. ஒரு நாள் வங்கியில் செக் மாற்றப் போனபோது, இந்த அம்மாவுக்கு ஐந்து டாலர் கொடுக்கலாமா என்று கவுன்டரில் இருந்தவர் உள்ளே இருப்பவரைச் சத்தமாகக் கேட்டாராம். பக்கத்தில் நின்ற பையன் அதைக் கடைசி வரை மறக்கவில்லை. (எங்கப்பா டீமேட் கணக்கைப் பார்க்கும் முகம் எனக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சேன்.)

படிப்பில் புலி. ஸ்காலர்ஷிப்பில் கொலம்பியா பல்கலைக்கழகம். அதே குடும்பப் பெயருள்ள உறவுக்காரப் பையனோடு அலுவலகத்தில் பெயர் குழம்பியதால் உதவித்தொகை தாமதமாகத்தான் கிடைத்தது. ஆபீஸ் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை! 1914-ல் வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறினார். கணிதம், ஆங்கிலம், தத்துவம் என்று மூன்று துறைகளும் ஆசிரியர் வேலை தருவதாகக் கூப்பிட்டன. வீட்டு நிலைமை அப்படி. வால் ஸ்ட்ரீட்டில் வாரம் 12 டாலருக்கு எடுபிடியாகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் பங்கு வாங்குவது என்றால் யாரோ காதில் சொன்னதை நம்பி வாங்குவதுதான். கிரஹாம் கணக்குப் புத்தகத்தைப் படித்தார். 1926-ல் நார்தர்ன் பைப் லைன் என்ற கம்பெனியின் விவரங்களை வாஷிங்டனில் அரசாங்க ஆணையத்திடம் இருந்த அறிக்கைகளில் தேடிப் பிடித்தார். ஷேர் விலை 65 டாலர். ஆனால் கம்பெனி சும்மா வைத்திருந்த ரயில்வே பத்திரங்கள் முதலானவற்றைப் பங்கு ஒன்றுக்கு வகுத்தால் 95 டாலர் வந்தது! எண்ணெய்க் குழாய் எல்லாம் இலவசம் மாதிரி. 1927 ஜனவரியில் ஆயில் சிட்டி என்ற ஊருக்குப் பங்குதாரர் கூட்டத்துக்குத் தனியாளாகப் போனார். அவருடைய தீர்மானத்தை வழிமொழிய ஒரு ஆள் இல்லை. தோற்றுத் திரும்பினார். அடுத்த வருஷம் மற்ற பங்குதாரர்களின் ஓட்டுகளைச் சேர்த்துக்கொண்டு போய், இயக்குநர் குழுவில் இரண்டு இடம் பிடித்தார். கடைசியில் கம்பெனி பங்குக்கு 70 டாலர் பிரித்துக் கொடுத்தது.

இப்படிப்பட்டவரே 1929-ல் அடி வாங்கினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த வருஷம் அவர் நிர்வகித்த கணக்கில் 25 லட்சம் டாலர் இருந்தது. சென்ட்ரல் பார்க் பக்கத்தில் பெரெஸ்ஃபோர்டு என்ற மாளிகைக் கட்டடத்தில் பெரிய வாடகைக்கு வீடு பிடித்தார். அடுத்தவன் கட்டடத்துக்கு மதிப்புப் போடுகிறவர் தன் வாடகைக் கணக்கில் கோட்டை விட்டார்! சந்தை விழுந்தது. 1932 முடிவதற்குள் கணக்கில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைந்துவிட்டது. வீட்டைக் காலி செய்து சின்ன வீட்டுக்குப் போனார். வாடிக்கையாளர் நஷ்டம் முழுசாக ஈடாகும் வரை கூட்டாளிகள் சம்பளம் எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அப்படியே அவரும் ஜெரோம் நியூமனும் வருஷக் கணக்கில் உழைத்தார்கள். 1935 முடியும்போது நஷ்டம் அடைந்தது.

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் 1928 முதல் கொலம்பியாவில் மாலை வகுப்பு எடுத்தார். டேவிட் டாட் என்ற பேராசிரியர் குறிப்பெடுக்க, 1934-ல் இரண்டு பேர் பெயரிலும் செக்யூரிட்டி அனாலிசிஸ் வந்தது. 700 பக்கத்துக்கு மேல். (அதே 1934-ல் அவர் எழுதிய நாடகம் ஒன்று பிராட்வேயில் நாலே காட்சியோடு படுத்துவிட்டது. அதற்கு மதிப்புப் போட மறந்துட்டார் போல.)

நண்பர்களே, நம்ம பாடத்துக்கு வருகிறேன். 1920-களில் அமெரிக்காவில் கட்டடங்களின் மேல் கடன் பத்திரம் போட்டு ஜனங்களிடம் விற்றார்கள். கட்டி முடித்த மறுநாளே கட்டிய செலவைவிட அதிக மதிப்பு என்று சர்டிபிகேட் வரும். எப்படி? வரப்போகும் வாடகையை உச்சத்தில் வைத்து, எல்லா அறையும் நிரம்பும் என்று எடுத்துக்கொண்டு, பெருக்கிவிடுவார்கள். ஆளுக்கு ஆள் கட்டடம் கட்ட, வாடகை இறங்க, பத்திரம் மூழ்கியது. கிரஹாம் இதைப் பிரித்து மேய்ந்திருக்கிறார். எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங்கில் நாம் மனப்பாடம் பண்ணும் இயர்ஸ் பர்ச்சேஸ் இதே பெருக்கல்தான்! சூத்திரத்தில் தப்பில்லை, உள்ளே போடும் வாடகையில்தான் தப்பு.

கம்பெனியை இன்றைக்கே கலைத்தால் என்ன தேறும் என்பதற்கு அவர் ஒரு கைக்கணக்கு வைத்திருந்தார். ரொக்கத்துக்கு முழு மதிப்பு. வரவேண்டிய பாக்கிக்கு சுமார் 80 சதவீதம். சரக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு. நிலம், கட்டடம், இயந்திரம் போன்ற நிலைச் சொத்துக்கு வெறும் 15 சதவீதம் போல. சிவில் படிக்கிறவனுக்கு முதலில் கோபம்தான் வரும். ஆனால் அது தொழிற்சாலைக்குப் போட்ட கணக்கு. வீடு கட்டி விற்கிற கம்பெனிக்கு நிலம்தானே சரக்கு? அதனால் நிலத்துக்கு மூன்றில் இரண்டு என்று எடுத்துக்கொண்டேன். இது என் முடிவு. தப்பு என்று சொல்கிறவர்கள் கேண்டீனில் வந்து சண்டை போடலாம்.

கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்தேன். பெயர் வேண்டாம், எண்களையும் முழுசாக்கி எழுதுகிறேன். நிலமும் கட்டி முடிக்காத வீடுகளும் சேர்த்து 900 கோடி என்கிறது கம்பெனி. அதில் ஒரு இடம் நம்ம ஊரிலிருந்து டவுன் பஸ் போகும் தூரம். ஞாயிற்றுக்கிழமை நானும் ரூம்மேட்டும் போனோம். காம்பவுண்டு சுவர் இருக்கு, உள்ளே சீமைக் கருவேலம். போன மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. லாரி போக வழி இல்லை. அறிக்கையில் அந்த இடம் கலர் படமாக இருந்தது! கைடுலைன் வேல்யூவையும் பார்த்தேன். 900-ஐ 600 ஆக்கியதில் எனக்கு மனசாட்சி உறுத்தவில்லை.

வாடகைக்கு விட்ட ஒரு ஆபீஸ் கட்டடம் உண்டு. காலி அறை, வரி, ரிப்பேர் எல்லாம் கழித்து நிகர வாடகை வருஷம் 20 கோடி. 10 சதவீத வருமானம் எதிர்பார்த்தால் இயர்ஸ் பர்ச்சேஸ் 10, ஆக 200 கோடி. வரவேண்டிய பாக்கி 100 கோடிக்கு 80. மொத்தம் 880. எதிர்ப்பக்கம் வங்கிக் கடன் 520, வீடு புக் பண்ணியவர்கள் கொடுத்த முன்பணம் 120. (அந்த 120 கம்பெனி பணம் இல்லை, கடன்தான். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.) கழித்தால் 240 கோடி. ஷேர்கள் 12 கோடி. ஒரு ஷேர் 20 ரூபாய்.

கம்பெனி சொல்வதை அப்படியே நம்பினால்கூட 46 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது. 210 எங்கே!

இன்னொன்றும் தெரிந்தது. 600 கோடி நிலம் பத்து சதவீதம் இறங்கினால் 60 கோடி போகும். கடன் ஒரு பைசா குறையாது. மீதி 180 கோடி, ஷேருக்கு 15 ரூபாய். நிலம் பத்தில் ஒரு பங்கு இறங்க, ஷேர் கால்வாசி இறங்குது! கிரஹாம் பாதுகாப்பு இடைவெளி என்று ஒன்றை ஏன் அவ்வளவு வலியுறுத்தினார் என்பது அப்போதுதான் உறைத்தது. பீமுக்கு நாம் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி வைப்பது மாதிரி, மதிப்புக்கு நல்ல தூரம் கீழே விலை இருந்தால்தான் அவர் வாங்குவார். இங்கே மதிப்பு 20, விலை 31. இடைவெளி தலைகீழாக இருக்கு.

அவர் கதையின் மிச்சம் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1948-ல் அவர் கம்பெனி கெய்கோ என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் பாதியை வாங்கியது. அந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று அவர் வைத்திருந்த சட்டப்படி பார்த்தால் எப்போதோ விற்றிருக்க வேண்டிய பங்கு அது! 1949-ல் சாதாரண ஜனங்களுக்காக இன்டலிஜென்ட் இன்வெஸ்டர். வாரன் பஃபெட் அவரிடம் படித்து, 1954 முதல் இரண்டு வருஷம் வேலையும் பார்த்தார். 1956-ல் தொழிலை மூடிவிட்டு கலிபோர்னியா போனார், அங்கேயும் பாடம் எடுத்தார். ஸ்பானிஷ் நாவல் ஒன்றை மொழிபெயர்த்தார். 1976 செப்டம்பரில் பிரான்சில் காலமானார்.

கணக்கை ஒரு கிராஃப் ஷீட்டின் பின்பக்கம் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். 600 கோடி இருந்த வரியில் விரலை வச்சு, அந்தக் கருவேலங்காடு எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் 150 ஷேரை விற்றார், 31 ரூபாய்க்கு. 4,650 ரூபாய். ஃபீஸுக்குப் பத்தாது, மிச்சத்துக்கு அம்மா மகளிர் குழுவில் கேட்டிருக்கிறார்.

மீதி 150 இன்னும் இருக்கு. அதையும் ஏன் விற்கவில்லை என்று கேட்டேன். ஊரில் வித்த நிலத்தில் இப்போது யாரோ மாடி வீடு கட்டிட்டாங்களாம்; அதன் மதிப்பு என்ன வரும்னு ஒரு நாள் போய் அளந்து பார்த்துச் சொல்லு என்றார். செமஸ்டர் லீவில் டேப் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.

- இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு