வாளை விற்ற வீரர் டானியல் ஷேஸ்

நாட்டின் விடுதலைக்காகப் போராடிய ஒருவருக்கே அந்நாட்டின் நீதிமன்றம் மரண தண்டனை விதித்த வரலாற்றை நம்மிற் பலர் அறிந்திருக்கமாட்டோம். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து உழவர் டானியல் ஷேஸின் வாழ்வு அத்தகையது.

1747ஆம் ஆண்டளவில், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய எளிய குடும்பத்தில் ஷேஸ் பிறந்தார். இளமையிற் பிறர் நிலங்களிற் கூலிக்கு உழைத்தார். 1775இல் விடுதலைப் போர் மூண்டதும் படையிற் சேர்ந்தார். பங்கர் குன்றிலும் சரற்றோகாவிலும் களங்கண்டு கப்டன் பதவிக்கு உயர்ந்தார். பிரெஞ்சுத் தளபதி லபாயெற் அவருக்கு வாளொன்றைப் பரிசளித்தார். 1780இற் படையைவிட்டு விலகி, பெல்ஹாம் என்னும் சிற்றூரில் உழவரானார். வறுமை நெருக்கவே அவ்வாளையும் விற்றார்.

போர்க்கடனைத் தீர்க்க மாநில அரசு விதித்த வரிகளைத் தங்கமாகவோ வெள்ளியாகவோ செலுத்தவேண்டியிருந்தது. உழவரிடம் தானியமும் கால்நடையும் இருந்தன, நாணயம் இல்லை. போர்வீரர்கள் சம்பளமாகப் பெற்ற பத்திரங்களோ, குறைந்த விலைக்கு வணிகர் கைக்கு மாறியிருந்தன. அப்பத்திரங்களுக்கு வட்டி கொடுக்க அவ்வீரர்களிடமே வரி கேட்கப்பட்டது! நிலங்கள் ஏலம் போயின, கடனாளிகள் சிறைப்பட்டனர். மனுக்களுக்கு உரிய பலன் கிட்டவில்லை.

1786 ஓகஸ்ட் 29 அன்று நோர்தாம்ப்ரன் நீதிமன்றத்தைக் கூடவிடாது மக்கள் தடுத்தனர். வழக்கு நடவாவிடின் நிலம் பறிபோகாது என்பது அவர்தம் எண்ணம். தலைவர்கள் பலர் இருந்தும் ஷேஸின் பெயரே கிளர்ச்சியின் பெயராயிற்று.

1787 ஜனவரி 25 அன்று அவர்கள் ஸ்பிறிங்பீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கிச் சென்றபோது பீரங்கிகள் முழங்கின. நால்வர் மாண்டனர். எதிரே படை நடத்திய ஷெப்பேட்டும் விடுதலைப் போர் வீரரே. பெப்ரவரி 4 அன்று, பனியினூடே இரவு முழுவதும் நடந்துவந்த அரசபடை பீற்றர்ஷாமில் எஞ்சியோரையும் கலைத்தது. ஷேஸ் வேர்மொன்றுக்குத் தப்பியோடினார். மரண தண்டனை விதிக்கப்பட்ட அவருக்கு 1788இல் மன்னிப்புக் கிடைத்தது.

கிளர்ச்சி தோற்றது, ஆயினும் வீண்போகவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் ஆளுநர் போடின் பதவியிழந்தார், வரிச்சுமை குறைந்தது. மே மாதம் பிலடெல்பியாவிற் கூடி அமெரிக்க அரசியலமைப்பை வரைந்தவர்களின் மனத்திலும் இக்கிளர்ச்சியின் அச்சம் நிறைந்திருந்தது.

ஷேஸ் 1825இல் நியூயோர்க் மாநிலத்தின் ஸ்பார்ற்றாவில் வறியவராகவே மறைந்தார். கலகக்காரர் என்று அவரை இகழ்ந்த நாடே, முதுமையில் அவரது போர்ச்சேவைக்கு ஓய்வூதியம் வழங்கியது. அவர் ஆயுதம் ஏந்தியது முறையா என நாம் வாதிடலாம். ஆனால் வரி கேட்கும் அரசு, அதைக் கொடுப்பவனின் குரலையும் கேட்கவேண்டும் என்னும் உண்மையை அவரது வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.