சூரியனை நடுவிலிருந்து நகர்த்திய ஹார்லோ ஷாப்லி

பால்வீதியின் நடுவில் சூரியன் இல்லை, அது மையத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது என்று காட்டியவர் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி.

1885 நவம்பர் 2-ஆம் தேதி, மிசூரி மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்பு அளவோடு படிப்பு நின்றது. பதின்ம வயதிலேயே கன்சாஸ் மாநிலத்தின் சிறு நகர நாளிதழ் ஒன்றில் நிருபரானார். பின்னர் விட்ட படிப்பைத் தொடர்ந்து, 1907-இல் இதழியல் கற்க மிசூரி பல்கலைக்கழகம் சென்றார். அந்தத் துறை தொடங்க ஓராண்டு ஆகும் என்று தெரிந்ததும் வானியலுக்கு மாறினார்.

1914-இல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியேற்றார். விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கொத்துகளின் தூரத்தை அங்கு அளந்தார். அவற்றில் பல, தனுசு ராசி இருக்கும் திசையில் குவிந்திருந்தன. பால்வீதியின் மையம் அங்கேதான் என்று முடிவு செய்தார். சூரியனிலிருந்து அதன் தூரம் 50,000 ஒளியாண்டு என்றார். இன்றைய கணக்கு சுமார் 26,000. அளவு குறைந்தாலும் அவரது முடிவு நிலைத்தது.

ஆனால், பால்வீதிக்கு ஒப்பான வேறு விண்மீன் திரள்கள் இல்லை என்று அவர் நம்பியது தவறானது. 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, வாஷிங்டனில் ஹீபர் கர்ட்டிஸுக்கு எதிராக அதையே வாதிட்டார். 1924-இல் எட்வின் ஹப்பிளிடமிருந்து கடிதம் வந்தது. ஆண்ட்ரோமெடா பால்வீதிக்கு வெகு தொலைவில் இருப்பதற்கான சான்று அதில் இருந்தது. ஷாப்லி தம் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதோடு நிற்கவில்லை, அந்தத் திரள்களையே ஆராயத் தொடங்கினார். 1932-இல் அடிலெய்ட் ஏம்ஸுடன் சேர்ந்து 1,249 திரள்களின் பட்டியலை வெளியிட்டார்.

1921 முதல் 1952 வரை ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. அங்குப் படித்த சிசிலியா பெய்னுக்கு ஷாப்லி ஹார்வர்டில் வாய்ப்பளித்தார். 1925-இல் முனைவரான பெய்ன், விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று கண்டறிந்தார். தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரையும் 1935-இல் விரிவுரையாற்ற ஹார்வர்டுக்கு அழைத்தார் ஷாப்லி.

வானொலி உரைகள், பொதுமக்களுக்கான சொற்பொழிவுகள், எளிய நூல்கள் வழியாக வானியலைச் சாதாரண மக்களிடம் கொண்டு சென்றார். நாஜி ஆட்சியிலிருந்து தப்பிய அறிஞர்கள் அமெரிக்காவில் வாழ்வு தேடிக்கொள்ள உதவினார்.

1972 அக்டோபர் 20-ஆம் தேதி, 86-வது வயதில் மறைந்தார். அவர் 1930-இல் கவனித்துச் சொன்ன மாபெரும் விண்மீன் திரள் கூட்டம் ஒன்று இன்று ஷாப்லி என்ற பெயராலேயே அழைக்கப்படுகிறது. பால்வீதிக்கு ஒப்பான வேறு திரள்கள் இல்லை என்று ஒரு காலத்தில் வாதிட்டவரின் பெயர், பால்வீதிக்கு வெகு அப்பால் நிலைத்துவிட்டது.