மதுரவாயலில் மறைந்த தாவரவியல் அறிஞர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

தாவரவியல் பயிலும் நாம் முதலாண்டிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளும் பெயர் லின்னேயஸ். சுவீடன் நாட்டுப் பேரறிஞரான அவர் மறைந்தபின், அவருடைய உலர்தாவர ஏடுகளையும் நூல்களையும் கடிதங்களையும் ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் என்னும் ஆங்கில இளைஞர் 1784-இல் விலைக்கு வாங்கி, கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுசென்றார். 1788-இல் அவர் தோற்றுவித்த லின்னேயன் கழகம் இன்றளவும் அச்செல்வத்தைக் கண்ணெனக் காத்து வருகிறது.

அக்கழகத்தின் உறுப்பினராய் விளங்கிய ஓர் அம்மையார் நம் சென்னையிலேயே ஆராய்ச்சி செய்து, இங்கேயே மறைந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நான் குடியிருக்கும் அசோக் நகரிலிருந்து நூறடிச் சாலை வழியே வடக்கே சென்று, கோயம்பேட்டில் மேற்கே திரும்பினால் மதுரவாயல் வந்துவிடும். அங்கிருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில்தான் டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார்.

அம்மையார் 1897 நவம்பர் 4-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் துணை நீதிபதி. தோட்டத்திலும் பறவைகளிலும் மிக்க ஈடுபாடு உடையவர். வீடு நிறையப் பிள்ளைகள். சகோதரிகள் ஒவ்வொருவராக மணமுடித்துச் செல்ல, இவர் மட்டும் படிப்பைத் தேர்ந்துகொண்டார். சென்னை ராணி மேரி கல்லூரியில் பயின்று, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துக் கொண்டிருந்தபோது, ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை கிடைத்தது. 1931-இல் அங்கேயே டாக்டர் பட்டம் பெற்றார்.

என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அம்மையாரோ நீதிபதியின் மகள். ஆகவே அவரையும் என்னையும் ஒப்பிட எனக்குத் துணிவில்லை. எனினும் நூறாண்டுகளுக்கு முன் ஒரு பெண் தனியாகக் கடல் கடந்தாள் என்னும் செய்தியைக் கேட்டபோது, பேருந்தில் கல்லூரிக்கு வருவதையே பெரிதாய்ப் பேசும் எங்கள் தெருவாரை நினைத்துக்கொண்டேன்.

நாடு திரும்பிய அம்மையார் சிறிது காலம் திருவனந்தபுரத்தில் பணியாற்றி, 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். ஆற்றோரங்களில் தானே வளரும் பேய்க்கரும்பை நாம் அறிவோம். இனிப்பில்லாத அப்புல்லின் உறுதியும் நோய் தாங்கும் வலிவும் நாட்டுக் கரும்புக்கு வேண்டியிருந்தன. ஆனால் பேய்க்கரும்பின் குரோமோசோம் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும்; 40 முதல் 128 வரை காணலாம். செய்முறை வகுப்பில் வெங்காய வேர்நுனிக்குச் சாயமேற்றி, அதன் 16 குரோமோசோம்களை எண்ணி முடிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவற்றை எண்ணுவது எத்தகைய வேலை என்று நண்பர்களே எண்ணிப் பாருங்கள்! கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துக் கலப்பினமும் கண்டார். தனித்து வாழ்ந்த பெண் என்பதாலும் சாதியாலும் அவர் அங்கே பல சங்கடங்களுக்கு உள்ளானார் என்று அவர் வாழ்வை ஆராய்ந்தோர் எழுதுகின்றனர்.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். உலகப்போர் மூண்டது; இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டுவீச்சுக்கு நடுவே ஜான் இன்னஸ் நிலையத்தில் சி. டி. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் உழைத்து, 1945-இல் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் பட்டியலை நூலாக வெளியிட்டார். பயிர் ஆராய்ச்சியாளர் கையில் அந்நூல் அகராதி போல் இருந்தது. அட்டையில் இருவர் பெயரும் இருந்தன. பூக்கும் தாவரங்கள் என விரிந்து 1955-இல் மறுபதிப்பு வந்தபோது, ஆசிரியர் வரிசையில் டார்லிங்டனும் வைலியும் இருந்தனர். ஜானகி அம்மாள் இல்லை. பதிப்புலகில் இதற்குக் காரணங்கள் இருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பின்னர் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் இட்டு, குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். அவற்றுள் ஒருவகை இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். அத்துறையின் தலைமையோ சாந்தாபாவ் பாதிரியாரிடம் சென்றது. 1955-இல் பிரின்ஸ்டனில் மனிதன் புவியை மாற்றிய வரலாறு பற்றி உலக அறிஞர் கூடிய கருத்தரங்கில் கலந்துகொண்ட ஒரே பெண் இவரே.

இனி அவருடைய கடிதங்களுக்கு வருவோம். தம் வாழ்வைப் பற்றி எழுதுவதில் அம்மையாருக்கு நாட்டமில்லை. தம் பணி மட்டும் எஞ்சினால் போதும் என்று கருதியவர். ஆனால் டார்லிங்டனுக்கு அவர் மனம்விட்டு எழுதினார். டார்லிங்டனின் தாள்கள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் உள்ளன. அம்மையாரின் கடிதங்கள் அவற்றினிடையே இருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்தின் பார்பர் ஆவணங்களிலும் அவர் சுவடு உண்டு. சாவித்ரி ப்ரீதா நாயர் 2023-இல் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறு, இப்படிப் பல நாடுகளில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டியே எழுதப்பட்டது. நாம் ஒட்டும் உலர்தாவர ஏட்டில் செடி எவ்வளவு அழகாயிருந்தாலும், இடமும் நாளும் சேகரித்தவர் பெயரும் இல்லையேல் ஆசிரியர் திருப்பித் தந்துவிடுவார். அறிஞர்க்கும் அந்தச் சீட்டு வேண்டுமல்லவா? அம்மையாரின் சீட்டு வேறொருவர் பெட்டிக்குள் இருக்கிறது.

சேகரித்த செடிகளின் நிலை பரவாயில்லை. ஜம்முவில் அவர் பணியாற்றிய ஆராய்ச்சிக்கூடத்தின் உலர்தாவரகம், 25,000 மாதிரிகளுடன் அவர் பெயரால் விளங்குகிறது.

1970-இல் சென்னைக்கு வந்து சேர்ந்த அம்மையார், பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் ஓய்வுநிலை அறிவியலாராக மதுரவாயலில் மூலிகைத் தோட்டம் வளர்த்தார். சுற்றிலும் பூனைகள். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. எண்பது வயதைக் கடந்தபின்னும் அமைதிப் பள்ளத்தாக்கின் காடு அணையில் மூழ்கக்கூடாதென்று குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் அவர் காலமானபோதும் ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருந்தது.