சிறையில் முகிழ்த்த வான்குடை

உயரே செல்ல விழைந்தோர் பலர். உயரத்திலிருந்து நலமே இறங்க வழி தேடியோர் சிலரே. அச்சிலருள் ஒருவரான பிரெஞ்சு நாட்டு ஆந்த்ரே ழாக் கார்னெரினை நாம் இங்கு நினைவுகூர்கிறோம். 1769இல் பாரிசில் பிறந்த அவர், போர்க்கைதியாக அங்கேரியின் புடா நகரில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அடைபட்டிருந்தார். மதிலிலிருந்து குதித்துத் தப்பும் வேட்கையே அவருள்ளத்தில் பாராசூட்டாக விரிந்தது. விடுதலைக்குப்பின், 22.10.1797 அன்று பாரிசின் மோன்சோ பூங்காவிலிருந்து பலூனில் எழுந்து, ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் கயிற்றை அறுத்தார். குடையுச்சியில் காற்றுப்போகத் துளையின்மையால் கூடை ஊசலாய் ஆடியது; எனினும் உயிரோடு மண் மிதித்தார். பின்வந்த குடைகளில் துளையிட, ஆட்டம் அடங்கியது. 1823இல் பலூன் பணியிடையே மரவிட்டம் தாக்கி அவர் மாண்டார். வானம் விட்டுவைத்தவரைத் தரை விட்டுவைக்கவில்லை. ஆயினும், அடைபட்ட மனிதரின் எண்ணத்திற்கு மதிலில்லை என்பதை அவர் வாழ்வால் நாம் அறிகிறோம்.