அரியலூர்க் கடலைப் படித்தவர்

குழந்தைகளே! அரியலூர், பெரம்பலூர் பக்கம் உங்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்களா? இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே மண்ணைத் தோண்டும்போது கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடைப்பது உண்டு. கடற்கரையோ வெகு தூரத்தில் இருக்கிறது. பிறகு இவை எப்படி வந்தன?

கடல்தான் அங்கே வந்திருந்தது! சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து, பல கோடி ஆண்டுகள் அந்தப் பகுதியில் கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களுக்குப் பெரிய பட்டியல் போட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா.

அவர் 1838-ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று, இன்றைய செக் குடியரசில் பிறந்தார். தந்தை வனக்காவலர். காட்டோரத்தில் வளர்ந்த சிறுவனுக்குப் பூச்சி, பறவை, கல் எல்லாமே விளையாட்டுத் தோழர்கள். வியன்னாவில் நிலவியல் படித்தார். 1862-இன் இறுதியில் கல்கத்தாவில் இருந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவருக்கு முன்பே ஹென்றி பிளான்ஃபோர்டு குழுவினர் 1857 முதல் திருச்சிப் பகுதியில் அலைந்து திரிந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். திரட்டிய புதைபடிவங்கள் ஏராளம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒப்பிட்டு, பெயரிட்டு, படத்துடன் எழுதும் வேலை ஸ்டோலிச்காவிடம் வந்தது. சக்கரம் போல் சுருண்ட அம்மோனைட்டுகள், நத்தைகள், சிப்பிகள், பவளங்கள் என்று வரிசையாக எழுதினார். சுமார் பத்து ஆண்டுகள் ஆயின! நான்கு பெரிய தொகுதிகள். முதல் தொகுதியின் தொடக்கம் மட்டும்தான் பிளான்ஃபோர்டு எழுதியது.

1873-இல் முடிந்த நான்காம் தொகுதியில் மிகச் சிறிய உயிர்களும் இடம்பெற்றன. அவற்றில் ஒன்று ஃபொராமினிஃபெரா. பெயர்தான் நீளம், உயிர் ஒரே ஒரு செல்! பெரும்பாலானவை மணல் துகள் அளவே இருக்கும். தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். உயிர் போனதும் ஓடு கடலடிச் சேற்றில் விழுந்து புதையும். கோடைக்காலத்தில் எங்கள் தென்னேரி ஏரி வற்றும்போது சேற்றில் நத்தை ஓடுகள் கிடக்குமே, அது போலத்தான். ஆனால் இவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.

இந்தச் சின்ன ஓடுகளால் என்ன பயன்? சில வகைகள் கரையோரத்தில் மட்டும் வாழும். சில ஆழத்தில் வாழும். சில மிதந்து திரியும். பாறையை ஊறவைத்து, சல்லடையில் அலசி, எந்த வகை எத்தனை என்று எண்ணினால், அந்த இடத்தில் கடல் ஆழமா, மேடா என்று கணிக்கலாம். ஓட்டில் உள்ள ஆக்சிஜனை ஆராய்ந்து, அன்றைய நீரின் வெப்பத்தையும் கணக்கிடலாம். இந்த வழி 1940-களுக்குப் பிறகு வந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பெரிய சிப்பிகள் நொறுங்கிவிடும். இவை முழுசாக மேலே வரும்! காவிரிப் படுகையில் எண்ணெய் தேடியவர்களுக்கும் இவை வழிகாட்டின.

ஸ்டோலிச்கா மேசையோடு ஒட்டிக்கொண்டவர் அல்லர். இமயமலையில் ஸ்பிட்டி, குஜராத்தில் கட்ச், அந்தமான் என்று சுற்றியவர். 1873-இல், தொகுதிகள் முடிந்த கையோடு, யார்க்கண்டுக்குப் போன அரசுத் தூதுக் குழுவில் சேர்ந்தார். காரகோரம் மலையைத் தாண்ட வேண்டும். காற்றே மெலிந்த உயரம். போகும் வழியிலேயே கடும் நோய் கண்டது. அப்போதே திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. உடல் தேறியதும் காஷ்கர் வரை போனார், பாமீர் மலைகளையும் பார்த்தார், கற்களையும் பறவைகளையும் சேர்த்துக்கொண்டே போனார்.

திரும்பும்போது 5,500 மீட்டருக்கும் உயரமான காரகோரம் கணவாயை மறுபடி கடந்தார்கள். தலைவலி வந்தது, மூச்சுத் திணறியது. லடாக்கிற்குள் வந்துவிட்ட நேரம். 1874 ஜூன் 19 அன்று முர்கோ என்ற இடத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 36தான்.

உடலை லே நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அங்கே அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அவர் சேர்த்தவையும் எழுதிய குறிப்புகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவற்றைப் பிறர் பங்கிட்டுப் படித்து எழுதி முடிக்க 1891 வரை ஆனது!