அமானிதம் காத்த கக்கன்

பிறர் பொருளைக் காப்பது அமானிதம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சிறுவயது முதலே சொல்லி வருகிறோம். பதவியும் ஓர் அமானிதமே. அதை வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் மதுரைச் சீமையில் இருந்தார். அவர்தாம் தியாகி கக்கன் அவர்கள்.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908ஆம் ஆண்டு, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 1939 ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். அதுவரை அவருடைய மக்களுக்கு அந்த வாசல் அடைத்தே கிடந்தது. பின்னர் விடுதலைப் போராட்டத்தில் சிறைக் கொடுமைகளையும் அனுபவித்தார்.

அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்த அவர், 1952 முதல் 1957 வரை மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1957இல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அவர் கைக்கு வந்தது. வைகை அணை திறக்கப்பட்டது 1959 ஜனவரியில், அவர் காலத்தில்தான். மதுரைச் சமவெளியின் வயல்கள் அந்நீரால் இன்றும் பயன்பெறுகின்றன. பிறகு விவசாயத்துறையையும், 1967 வரை உள்துறையையும் கவனித்தார்.

குறையே இல்லாத ஆட்சி என்று நாம் சொல்ல வரவில்லை. 1965 மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. உள்துறை அமைச்சர் என்ற முறையில் அந்தப் பழியில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் பொதுப்பணத்தில் ஒரு காசு தொட்டார் என்று எதிர்க்கட்சியினரும் அவரைக் குறை கூறியதில்லை.

1967 தேர்தலில் தோற்றார். பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர், மற்றவர்களைப்போலப் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். இறுதிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில், ஏழை நோயாளிகளில் ஒருவராகக் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க அங்கு வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர் நிலையறிந்து கலங்கி, வேண்டிய உதவிகளுக்கு உத்தரவிட்டார். 1981 டிசம்பர் 23ஆம் நாள் கக்கன் மறைந்தார்.

அணை கட்டும் கோடிகள் கடந்து சென்ற கைகளில் கடைசியில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஜமாஅத் கணக்கானாலும், சங்க நிதியானாலும், அநாதைகளின் சொத்தானாலும் நம் கைக்கு வரும்போது இந்தத் தும்பைப்பட்டிக்காரரை நினைத்துப் பார்ப்போமாக! நம் கைகளும் அப்படியே சுத்தமாக இருக்கின்றனவா?